புற்றும் அதன் மண்ணும்

தமிழ் பயிலும் மாணவியாகிய யாம் மருத்துவ நூற்பொருள் ஒன்றை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் கூறுதல் வேண்டும். சென்ற ஆண்டு எம் பெரியம்மை மார்பகப் புற்றுநோயுற்று மருத்துவமனையில் இருந்தபொழுது, விடுமுறை நாட்களில் யாம் அவர்க்கு அருகிருந்து பணி செய்தோம். கட்டி தோன்றி எட்டுத் திங்கள்வரை அவர் அதனை ஒருவர்க்கும் உரைத்திலர். நாணம் ஒரு காரணம். நோவின்மை மற்றொரு காரணம். நோவாத கட்டி தீங்கு செய்யாது என்பது அவர் கொண்டிருந்த எண்ணம். ஒருநாள் இரவு அவர் எம்மை நோக்கி, “மகளே, உடம்பெல்லாம் சதையாயிருக்க, இந்த ஓரிடத்தில் மட்டும் கல் எப்படி முளைத்தது?” என்று கேட்டார். விடையறியாது வாளாவிருந்தோம். அவ்வினா எம்மை விடாது தொடர்ந்தமையால், அறிவியற் பகுதித் தோழியர் துணைகொண்டு படித்தறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் வியப்பொன்று. கட்டி கல்லைப் போன்று தோன்றினும், அதனுள் வாழும் புற்றுநோய் உயிரணுக்களைத் தனித்தெடுத்து ஆய்ந்தவர், அவை நல்ல உயிரணுக்களினும் பெரும்பாலும் மென்மையானவை என்றே கண்டனர். மெல்லியவை கூடிய இடத்தில் வன்மை எங்ஙனம் வந்தது? தமிழில் இந்நோய்க்கு வழங்கும் பெயரே ஒருவாறு விடை கூறுவது போலும். கறையான் மெல்லுடம்பிற்று, விரலால் நசுக்கினும் நசுங்கும். அது வாழும் புற்றோ கோடரியையும் திருப்பும். வன்மை கறையானுடையதன்று, மண்ணினுடையது. நோய்க்குப் பெயரிட்டோர் இதனைக் கருதினரோ இல்லையோ, ஒப்புமை நன்கு பொருந்துகின்றது. மார்பகக் கட்டியில் மண்ணின் இடத்தில் இருப்பது கொலாஜன் என்னும் புரதநார்.

கொலாஜன் என்பது நமக்குப் புதிய பெயராயினும் பழைய பொருளே. எலும்பிற்கு உறுதியும், தோலிற்கு இழுவையும், தசையை எலும்போடு பிணிக்கும் நாணிற்கு வலியும் தருவது அது. நம் உடலிலுள்ள புரதம் அனைத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜனே. தோலைப் பதப்படுத்தும் தொழிலாளர் தோலிற் காப்பாற்றுவது இதனையே. எலும்பையும் தோலையும் நீரிற் காய்ச்சி வச்சிரப்பசை செய்வோர் பெறுவதும் இதனையே. கிரேக்க மொழியிற் ‘கொல்லா’ என்றால் பசை. பெயர் வந்த வழி அது. இதுகாறும் 28 வகைக் கொலாஜன்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் நாம் நினைவிற்கொள்ள வேண்டியவை மூன்று: கயிறாகத் திரளும் முதல் வகை, மெல்லிய இழையாகும் மூன்றாம் வகை, வலைபோலப் பரவும் நான்காம் வகை.

இந்நாரின் அமைப்பைக் கண்டறிந்த வரலாற்றில் சென்னைக்குப் பெரும்பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனும் அவர் மாணவர் கோபிநாத் கர்த்தாவும், கங்காரு வாலின் தசைநாணில் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சிப் பெற்ற படங்களைக்கொண்டு, கொலாஜன் மூன்று இழைகள் முறுக்குண்ட முப்புரிக் கயிறு என்று 1954ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மறு ஆண்டு அதனைத் திருத்தி விரித்தனர். ஒவ்வோர் இழையிலும் ஏறக்குறைய 1000 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் என்னும் மிகச் சிறியதே வரும். செய்யுளில் மூன்றாஞ் சீர்தோறும் ஓரெழுத்தே தவறாது வரக் கண்டால் நாம் அதனை யாப்பு என்போம் அன்றோ? ஈண்டும் அது யாப்பே. அவ்விடத்திற் பெரியதொன்று வந்து புகுமாயின் முறுக்கு இறுகாது, கயிறு நைந்துபோம். இக்கண்டுபிடிப்பைப் போற்றிச் சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் தம் அரங்கொன்றிற்கு முப்புரியின் பெயரையே இட்டுள்ளனர். அதே 1954ஆம் ஆண்டில், அதே அடையாற்றில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் அம்மையாரின் முயற்சியாற் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. நாரை ஆய்ந்தவரும் நோயை எதிர்த்தவரும் ஒரே நகரில் ஒரே காலத்திற் பணிசெய்தும், அவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பு வெளிப்படப் பின்னும் அரை நூற்றாண்டு சென்றது.

முப்புரிகள் பல பக்கம்பக்கமாக அடுக்குண்டு பருங்கயிறாகும். அங்ஙனம் அடுக்குண்டவற்றை ஒன்றோடொன்று தைத்துப் பிணிக்கும் நொதி ஒன்றுண்டு. அதற்கு லைசில் ஆக்சிடேஸ் என்று பெயர். தையல் மிகுந்தால் நார் விறைக்கும். இச்சிறு செய்தியைப் படிப்போர் மறவாதிருக்க வேண்டுகின்றோம்; பின்னர் இது பயன்படும்.

இனி மார்பகத்தின் உள்ளமைப்பு. பால் சுரக்கும் நுண்ணறைகளும் அதனைக் கொணரும் நாளங்களும் கிளைத்த மரம்போல அமைந்துள்ளன. நாளங்களின் உட்புறத்தே உயிரணுக்கள் வரிசையாக நிற்கும். அவ்வரிசைக்குப் புறத்தே மெல்லிய சவ்வொன்று சுற்றியிருக்கும். நான்காம் வகைக் கொலாஜன் பின்னிய வலை அதற்கு ஆதாரம். அச்சவ்விற்கும் புறத்தே கொழுப்பும், அதனூடே சுருண்டு நெகிழ்ந்து கிடக்கும் முதல் வகைக் கொலாஜன் நார்களும் உள்ளன. மார்பகப் புற்று பெரும்பாலும் நாளத்தின் உள்வரிசையிலேயே தோன்றும். சவ்வு உடையாதவரை அது வீட்டினுள் அடைபட்ட கள்வன். சவ்வைக் கடந்த பின்னரே பரவும் நோய் எனப்படும்.

நோய் பரவுதற்கு உயிரணு மட்டும் காரணமன்று, அது சென்று சேரும் இடமும் காரணமே என்று முதன்முதலில் வற்புறுத்தியவர் இலண்டன் மாநகரத்து அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட். 1889ஆம் ஆண்டில் அவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்டிரின் பிணஆய்வுக் குறிப்புக்களைப் பார்வையிட்டார். குருதி எல்லா உறுப்பிற்கும் ஓடுவதாயிருக்க, நோயோ ஈரலையும் எலும்பையும் போன்ற சிலவற்றையே நாடிப் பற்றுதலைக் கண்டு, வித்து எங்கும் சிதறினும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்னும் உவமையால் அதனை விளக்கினார். உழவர் வழிவந்த நமக்கு இது எளிய உண்மை. ஆயினும் நெடுங்காலம் ஆராய்ச்சியாளர் கண் வித்தின்மேலேயே இருந்தது. 1982ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டில் மினா பிஸல் என்னும் அம்மையார், உயிரணுவைச் சூழ்ந்த நார்ப்பின்னல் வெறும் சாரமன்று, உயிரணுவின் உட்கருவிற்கும் அது கட்டளையிடுகின்றது, உட்கருவும் திரும்ப அதனை மாற்றுகின்றது என்று எழுதியபோது, அதனை ஏற்றோர் சிலரே.

மண்ணின் தன்மையைப் பற்றிய முதற் சான்று எக்ஸ் கதிர்ப்படத்திலிருந்து வந்தது. மார்பகத்தை மேமோகிராம் என்னும் படமெடுக்குங்கால் கொழுப்பு கருமையாகவும், நாரும் சுரப்பியும் செறிந்த இடம் வெண்மையாகவும் தோன்றும். வெண்மை மிக்க மார்பகமுடையார்க்கு நோய்வாய்ப்படும் வாய்ப்பு மிகுதி என்று 1976ஆம் ஆண்டில் ஜான் உல்ஃப் என்பவர் எழுதினார். பின்வந்தோர் அளந்து கண்டபடி, முக்காற் பங்கோ அதற்கு மேலோ வெண்மையாயிருப்போர்க்கு, வெண்மை மிகக் குறைந்தோரை நோக்க நான்கு முதல் ஆறு மடங்கு வாய்ப்பு உண்டு. இவ்வெண்மை கையால் தொட்டு அறியப்படுவதன்று, படத்திலேயே காணப்படுவது. வெண்படத்தில் வெண்கட்டி மறைந்துவிடுதலும் ஓர் இடர். பனிமூட்டத்தில் கொக்கைத் தேடுவார் நிலை மருத்துவர்க்கு நேர்கின்றது. இதுபற்றியே அமெரிக்க நாட்டில் 2024 செப்டம்பர் முதல், படமெடுத்துக்கொண்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் மார்பகச் செறிவு எத்தகையது என்று அறிவித்தல் கட்டாயமாக்கப்பட்டது.

ஆயினும் செறிவும் நோயும் ஒருங்கிருத்தல் கொண்டே ஒன்று மற்றொன்றிற்குக் காரணம் எனத் துணிதல் தருக்க நூலார்க்கு உடன்பாடன்று. மழையும் தவளையும் உடன் வரினும் தவளை மழையைப் பெய்வித்திலது. ஐயத்தை அகற்றச் சோதனை வேண்டும். அதனைச் செய்தவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துப் பட்ரிசியா கீலி அம்மையாரும் பாவ்லோ புரொவென்சானோவும் அவர்தம் குழுவினரும் ஆவர். கொலாஜனை அறுக்கும் நொதியால் அறுபடாத முதல் வகைக் கொலாஜனையுடைய எலிகளை அவர் எடுத்துக்கொண்டனர். பழைய நார் அறுபடாமையின் அவ்வெலிகளின் மார்பகத்தில் நார் மேன்மேலும் திரளும். அவற்றைப் புற்று வரத்தக்க எலியினத்தோடு கலந்து வளர்த்தபோது, நார் செறிந்தவற்றிற் கட்டிகள் ஏறக்குறைய மும்மடங்கு தோன்றின. நுரையீரலுக்குப் பரவியவையும் ஏறக்குறைய மும்மடங்கே. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிபு, மண் பின்விளைவு மட்டுமன்று, முற்காரணமும் ஆகும் என்பதை எலிகளளவில் நிலைநாட்டிற்று.

எவ்வாறு? இங்கேதான் எம் பெரியம்மையின் கல் வருகின்றது. உயிரணுவின் மேற்றோலில் இன்டெக்ரின் எனப்படும் பற்றுக்கொக்கிகள் உள்ளன. அவற்றின் ஒருமுனை வெளியே கொலாஜனைப் பற்றியிருக்கும். மறுமுனை உள்ளே உயிரணுவின் சட்டத்தோடு கட்டுண்டிருக்கும். இருளில் நடப்பான் காலால் நிலத்தை அழுத்திப் பார்ப்பதுபோல, உயிரணு இக்கொக்கிகளால் நாரை இழுத்துப் பார்க்கும். நார் நெகிழ்ந்து கொடுத்தால் அமைதியுறும். நார் விறைத்து நின்றால் தானும் வலிந்திழுக்கும். கொக்கிகள் ஓரிடத்துக் கூடும். ‘வளர்க, பிளவுறுக, நகர்க’ என்னும் ஏவல்கள் உட்கருவரை செல்லும். 2005ஆம் ஆண்டில் வாலரி வீவர் அம்மையாரோடு உழைத்தோர் எலியின் மார்பகத்தை அளந்தனர். நல்ல மார்பகத்தின் விறைப்பு ஏறக்குறைய 170 பாஸ்கல். கட்டியின் விறைப்போ ஏறக்குறைய 4000 பாஸ்கல். இருபது மடங்கிற்கும் மேற்பட்ட வேறுபாடு இது. மருத்துவரும், பல வேளைகளில் நோயாளியும், விரலால் உணரும் கன்மை இவ்வெண்களே.

நாரை விறைக்கச் செய்பவர் யார்? நாரை நெய்வதற்கென்றே உடலில் உயிரணுக்கள் உள. காயம்பட்ட இடத்தில் அவை விரைந்து கூடி, நார் நெய்து, வாயை மூடி, வேலை முடிந்ததும் ஓய்ந்துவிடும். புற்றுக் கட்டியோ ‘காயம், காயம்’ என்று ஓயாது ஓலமிடுகின்றது. ஆறாத புண் என்று அதனை 1986ஆம் ஆண்டில் ஹெரால்டு துவொராக் என்பார் உவமித்தார். நெசவாளர் ஓயாது நெய்கின்றனர். அதன்மேல் முன்கூறிய லைசில் ஆக்சிடேஸ் வந்து தைக்கின்றது. 2009ஆம் ஆண்டில் வீவர் குழுவினர் அத்தையலை எலிகளில் தடுத்துப் பார்த்தனர். நார் நெகிழ்ந்தது, கொக்கிகளின் ஆரவாரம் அடங்கிற்று, கட்டியின் வளர்ச்சி தாழ்ந்தது. விறைத்த நார் உயிரணுவைத் தூண்ட, தூண்டப்பட்ட உயிரணு நாரை மேலும் விறைக்க, மாட்டுவண்டிச் சக்கரம்போல இரண்டும் ஒன்றையொன்று உருட்டிச் செல்லுதல் இதனாற் புலப்படும்.

இனிப் பரவுதலைக் காண்போம். எம் நெஞ்சை மிகக் கவர்ந்த பகுதி இதுவே. சாயமேதும் ஏற்றாமலே கொலாஜன் நார்களைக் காட்டவல்ல ஒருவகை லேசர் நுண்ணோக்கியால் கீலி குழுவினர் கட்டிகளின் ஓரத்தைப் பார்த்து, நார்களின் கிடையில் மூன்று குறிகளைக் கண்டு 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முதலாவது, கட்டியைச் சூழ நார் செறிதல். இரண்டாவது, சுருள் நீங்கி நேராகிய நார்கள் கட்டியின் விளிம்பை ஒட்டி வேலிபோல் வளைந்து கிடத்தல். மூன்றாவதே கொடியது: அந்நார்கள் திரும்பி, விளிம்பிற்குச் செங்குத்தாக, ஊரிலிருந்து வெளியே செல்லும் சாலைகள்போல நிற்றல். உயிரணுக்கள் அச்சாலைகளின்மேல் வரிசையாக ஊர்ந்து வெளியேறுதலையும் கண்டனர். அச்சாலையை இட்டவை அவ்வுயிரணுக்களும் நெசவாளருமே. இழுத்திழுத்து நாரை நேராக்கினவை அவையே. 2011ஆம் ஆண்டில் 196 நோயாளிகளின் திசுக்களை ஆய்ந்தபோது, இம்மூன்றாங் குறி காணப்பட்டோர் நோயால் இறத்தல் மிகுதியாயிருந்தது. வேலி சாலையாகத் திரும்பும் அக்கணம் எதனால் நேர்கின்றது என்பதே இத்துறையின் நடுவினா என்று எமக்குத் தோன்றுகின்றது.

நாரால் ஆகும் தீமை இதனோடும் முடிந்திலது. கட்டியின் நடுவே உயிர்வளி குறையுங்கால் புற்றணுக்கள் லைசில் ஆக்சிடேசை மிகுதியாகச் சுரந்து குருதியிற் கலந்துவிடுகின்றன. அது நுரையீரல் முதலிய தொலைவிடங்களை அடைந்து அங்குள்ள நாரையும் தைத்து, பின்வரும் வித்திற்கு முன்கூட்டியே பாத்தி கட்டுகின்றது என்று 2006, 2009ஆம் ஆண்டுகளின் எலிச்சோதனைகள் காட்டின. பேஜட் கூறிய மண் வித்திற்காகக் காத்திருப்பது மட்டுமன்று, வித்தே ஆளனுப்பி மண்ணைப் பண்படுத்தவும் செய்கின்றது! மேலும், நாரின் வரிசை நம் காவற்படையாகிய வெள்ளணுக்களைத் தடுக்கும் மதிலாகவும் ஆகின்றது. அம்மதிலை ஒழுங்குறுத்துவது டி.டி.ஆர்.1 என்னும் கொலாஜன் பற்றி என்றும், அதனை விலக்கியபோது எலிகளிற் காவலணுக்கள் கட்டியினுள் புகுந்தன என்றும் 2021ஆம் ஆண்டில் அறியப்பட்டது.

இவ்வளவும் கேட்டோர், ‘ஆயின் கொலாஜனை அறுத்தெறிந்தால் நோய் தீருமே’ அல்லது ‘கொலாஜனை அறுக்கும் நொதியைத் தடுத்தால் சவ்வு உடையாதே’ என்பர். இவ்விரண்டு வழியும் எண்ணப்பட்டவையே. 1962ஆம் ஆண்டில் ஜெரோம் கிராசும் சார்ல்ஸ் லப்பியேரும் தவளைக்குஞ்சின் வால் மறையும் வகையை ஆராய்ந்து, கொலாஜனை அறுக்கும் நொதியை முதன்முதற் கண்டனர். பின்னர் அவ்வினத்து நொதிகள் பல, புற்றணுக்கள் சவ்வைத் துளைத்தற்கும் துணைபோவன என்று அறிந்து, அவற்றைத் தடுக்கும் மருந்துகளை ஆக்கினர். பெருநம்பிக்கை எழுந்தது. அவற்றுள் ஒன்றாகிய மாரிமாஸ்டாட்டை, நோய் பரவிய மார்பகப் புற்றாளர்க்குக் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிபு 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோய் தடைப்பட்டிலது, மூட்டுக்களிலும் தசையிலும் நோவே மிகுந்தது. அந்நொதிகள் கள்வனுக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரனுக்கும் திறவுகோலாயிருந்தமை பின்னரே தெளிவாயிற்று. தையலைத் தடுத்தற்கு எலிகளிற் பயன்பட்ட பொருளோ, ஒருவகைப் பட்டாணிப் பூச்செடியின் விதையிலிருந்து அறியப்பட்டது. அவ்விதையைத் தின்ற விலங்குகளின் எலும்பு வளைந்துபோம் என்றால், அதனை நோயாளிக்குக் கொடுக்க எவர் துணிவர்?

அன்றியும், கொலாஜன் முழுதும் பகையன்று. கணையப் புற்றுடைய எலிகளில் நெசவாளர் நெய்யும் முதல் வகைக் கொலாஜனை நீக்கியபோது நோய் தணியாமல் விரைந்து முற்றியது என்று 2021ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். உறுப்பு வேறாயினும் எச்சரிக்கை மார்பகத்தை ஆராய்வார்க்கும் உரியதே. மார்பகத்திலேயே மூன்றாம் வகைக் கொலாஜன் நன்மை செய்தல் காணப்படுகின்றது. மார்பகப் புற்று, சிகிச்சை முடிந்து பத்தாண்டு, இருபதாண்டு கழித்தும் மீண்டு வருதல் உண்டு. அவ்விடைக்காலத்தில் உயிரணுக்கள் சில எங்கோ துயில்கின்றன. துயிலும் அவ்வணுக்கள் தம்மைச் சூழ மூன்றாம் வகைக் கொலாஜனை நெய்துகொள்கின்றன என்றும், அது குன்றி நார் நேராகுங்கால் விழித்தெழுகின்றன என்றும், எலிகளில் அதனை மிகுவித்தபோது துயில் நீண்டது என்றும் நியூயார்க்கு ஆராய்ச்சியாளர் 2022ஆம் ஆண்டில் எழுதினர். முதல் வகை சாலையாகும். மூன்றாம் வகை தொட்டிலாகும். ஒரே குடியிற் பிறந்த இரண்டன் செயலும் இத்துணை வேறுபடுதலின், ‘கொலாஜன் நல்லதா, கெட்டதா’ என்னும் வினாவே பிழையுடையது. எவ்வகை, எவ்விடத்து, எக்கிடையில் என்று வினவுதலே முறை.

கடைகளில் விற்கும் கொலாஜன் பொடியைப் பற்றி எம் தோழியர் சிலர் அஞ்சி வினவினர். உண்ட புரதம் வயிற்றிலும் குடலிலும் சிறு துணுக்குகளாகச் சிதைந்த பின்னரே குருதியை அடையும். முப்புரிக் கயிறாகவே மார்பகத்திற்குச் சென்று சேராது. ஆட்டுக்கால் சாற்றிற்கும் இதுவே விடை.

2022ஆம் ஆண்டில் உலகில் 23 இலட்சம் பெண்டிர்க்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய 6,70,000 பெயர் மாண்டனர். நம் நாட்டுப் பெண்டிரிடையே காணும் புற்றுக்களில் முதலிடமும் இதற்கே. நாளத்தினுள் அடைபட்டிருக்கும்போதே அறுத்தெடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பர். ஆயின் அந்நிலையில் அது விரலுக்குத் தட்டுப்படுதல் அரிது; படத்திற்றான் தோன்றும். விரலுக்குக் கல்லாகத் தட்டுப்படும் வேளையில் நெசவாளர் நெடுநாள் நெய்திருப்பர். அப்பொழுதும் நோவு இராதிருத்தல் கூடும். எம் பெரியம்மை எட்டுத் திங்கள் காத்திருந்தது அந்நோவிற்காகவே.

அவர்க்கு அறுவை முடிந்தது. மருந்தும் கதிரும் முடிந்தன. ஆறு திங்களுக்கு ஒருமுறை மருத்துவரைக் காணச் செல்கின்றார். சென்ற விடுமுறையில் யாம் படித்தவற்றை, நாரும் கொக்கியும் சாலையுமாக, எம்மால் இயன்றவாறு அவர்க்கு எடுத்துக் கூறினோம். புளி கோது எடுத்துக்கொண்டே கேட்டிருந்தவர், கையை நிறுத்தி, “அப்படியானால் அந்தக் கல்லைக் கட்டியதும் என் உடம்புதானா?” என்றார். ஆம் என்றோம். சற்று நேரம் ஒன்றும் பேசாதிருந்து, பின், “காயம் என்று நினைத்துக் கட்டியிருக்கிறது, பாவம்” என்று சொல்லிப் புளியை மீண்டும் எடுத்துக்கொண்டார்.